முதல் அலையில் தப்பியவர்கள் இரண்டாவதில் போனது ஏன்?

உப்புக்காற்று | சனி, இரவு 8:12

வணக்கம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். என் வகுப்பில் உள்ள பிள்ளைகள் யாரும் 2004 சுனாமி வந்தபோது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் முக்கால்வாசி வீடுகளில் மாலை போட்ட ஒரு படமாவது சுவரில் இருக்கும். ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதியும் ஊரே கரைக்குப் போய்ப் பால் ஊற்றிப் பூப் போட்டுவிட்டு வரும்.

போன வாரம் பாடம் நடத்தும்போது ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், எங்க தாத்தா முதல் அலையில தப்பிச்சு ரோட்டுக்கு வந்துட்டாராம். அப்புறம் வலையை எடுக்கத் திரும்பிப் போனவர் வரவே இல்லையாம். ஒரு அலை வந்துட்டுப் போன பிறகு இன்னொண்ணு ஏன் வந்துச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. கடலுக்கு அடியில் நிலநடுக்கம் வந்தால் பெரிய அலை கிளம்பும் என்ற அளவுக்குத்தான் எனக்கும் தெரியும். என் பெரியப்பாவும் அப்படித்தான் போனார், ஆகையால் அந்தக் கேள்வி இரவெல்லாம் என்னை விடவில்லை. காற்றே இல்லாத காலையில் அலை எங்கிருந்து வந்தது? சுமத்ரா பக்கம் நிலம் ஆடியதற்கு நாகை ஏன் அழிந்தது? இராமேசுவரத்தில் ஏன் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை? பிள்ளைகளுக்குப் புரியும்படி யாராவது சொல்லிக் கொடுங்கள். அவசரமில்லை, ஆனால் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

இயற்பியல் தாத்தா | சனி, இரவு 9:40

நல்ல கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கு என் ஆசி. 34 ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். முதலில் அலை எப்படிக் கிளம்பியது என்பதைப் பார்ப்போம், இரண்டாவது அலைக்கு அப்புறம் வருகிறேன்.

நம் நாடு உட்கார்ந்திருக்கும் புவித்தட்டு வடகிழக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். சுமத்ராவுக்கு மேற்கே, அந்தமான் நிக்கோபார் வரைக்கும் நீளும் ஒரு கோட்டில் அது எதிரே உள்ள தட்டுக்கு அடியில் நுழைகிறது. வழுக்கிக்கொண்டு நுழைந்தால் தொல்லை இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கின்றன. கீழ்த்தட்டு இறங்கும்போது மேல்தட்டின் விளிம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. வகுப்பில் ஒரு மூங்கில் பிளாச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கீழே அழுத்தியபடி உள்பக்கமாகத் தள்ளினால் நடு முதுகு மேலே வளையும். அந்த வளைவில் பல நூறு ஆண்டுகள் விசை சேர்ந்துகொண்டே போகிறது.

2004 டிசம்பர் 26, நம் நேரப்படி காலை 6:28-க்குப் பிடி விட்டது. முதல் பிளவு சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், சுமார் 30 கி.மீ. ஆழத்தில். அங்கிருந்து துணி கிழிவது போல் வடக்கே ஓடி அந்தமான் வரை போனது. 1200 கி.மீ.க்கும் மேல் நீளம், எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 10 நிமிடம். சில இடங்களில் தட்டுகள் ஒன்றின்மீது ஒன்று 15 மீட்டருக்கும் மேல் சறுக்கின. நிலநடுக்கத்தின் அளவு 9.1 என்றும் அதற்குச் சற்று மேல் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கீழே இழுபட்டிருந்த விளிம்பு சட்டென்று மேலே எழும்பியது, மேலே வளைந்திருந்த முதுகுப்பகுதி கீழே இறங்கியது. இது வெறும் ஊகமில்லை, கண்ணால் பார்க்கலாம். அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்து வெயிலில் செத்துக் கிடந்தன. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியில் உள்ள இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் போய்விட்டது.

கடலடி தூக்கிய இடத்தில் அதன் மேலிருந்த தண்ணீரும் அப்படியே மேலே வந்தது. அவ்வளவு அகலமான தண்ணீர் சில நிமிடத்தில் பக்கவாட்டில் ஓடித் தப்ப முடியாது. கடலின் மேல்பரப்பிலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரு மேடும் அதை ஒட்டி ஒரு பள்ளமும் உண்டாயின. அந்த மேடும் பள்ளமும் மறுபடி ஒரே மட்டத்துக்கு வர முயன்றதுதான் சுனாமி.

இந்த மேடு-பள்ளத்தை மட்டும் மறக்காதீர்கள் டீச்சர். உங்கள் பையனின் தாத்தாவுக்கு நடந்ததற்கு விடை அதில்தான் தொடங்குகிறது.

கல்லூரிப் பறவை | சனி, இரவு 10:05

தாத்தா, ஒரு சந்தேகம். 2012-ல் சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்து சென்னையில் எல்லாரும் அலுவலகத்தை விட்டு ஓடினார்கள், நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எச்சரிக்கை வந்தது, ஆனால் அலை வரவில்லையே? அப்புறம் 1964-ல் தனுஷ்கோடியை அழித்ததும் சுனாமிதான் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். அது சரியா?

இயற்பியல் தாத்தா | சனி, இரவு 10:31

2012 ஏப்ரல் 11-ல் அலை வந்தது தம்பி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக. அன்று நகர்ந்த இரண்டு பக்கமும் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போயின. கடலடி மேலும் கீழும் பெரிதாக அசையவில்லை. தாம்பாளத் தண்ணீருக்கு அடியில் கையைத் தட்டையாக வைத்து இழுத்துப் பாருங்கள், பிறகு அதே கையை மேலே தூக்கிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

2005 மார்ச் 28-ல் அதே சுமத்ராவில், நியாஸ் தீவுப் பக்கம் இன்னொரு 8.6 வந்தது. அது மேலே தூக்கும் வகைதான். ஆனால் தூக்கிய பகுதியில் பெரும்பங்கு தீவுகளும் ஆழமில்லாத கடலும்தான். மேலே தண்ணீர் குறைவு, அலையும் குறைவு. எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது என்பதால்தான் பெரிய நிலநடுக்கம் என்றாலே முதலில் எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் பிறகு கடலின் அளவுகளைப் பார்த்து விலக்கிக்கொள்கிறார்கள். எச்சரிக்கை வந்தும் அலை வரவில்லை என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம்.

தனுஷ்கோடியைப் பற்றிக் கடலில் வேலை பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கப்பல்வாசி | ஞாயிறு, காலை 6:50

நான் சொல்கிறேன். தனுஷ்கோடி புயல். 1964 டிசம்பர் 22 இரவு கடும் புயல் கரை கடந்தபோது காற்று கடல்நீரைத் தள்ளிக்கொண்டு வந்து மணல்திட்டின் மேல் ஏற்றியது. பாம்பனிலிருந்து போன ரயிலையும் அதுதான் கொண்டுபோனது. புயல் ஓதம் காற்றோடும் மழையோடும் மணிக்கணக்கில் ஏறும், வானத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். சுனாமிக்கு வானம் ஒன்றும் சொல்லாது. 2004-ல் அன்று காலை வானம் தெளிவாக இருந்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்று காலை நான் வங்காள விரிகுடாவில் ஒரு சரக்குக் கப்பலில் இருந்தேன். எட்டு மணிக் காவல் மாறி மேல்தளத்தில் தேநீர் குடித்தேன். கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. அந்த நேரத்துக்கு எங்கள் கப்பலுக்கு அடியில் அந்த அலை போயிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. மாலையில்தான் வானொலிச் செய்தி வந்தது. எங்கள் கப்பலில் கடலூர்ப் பையன் ஒருவன் இருந்தான். அவன் வீட்டுக்குத் தொலைபேசி கிடைக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவன் அறையில் விளக்கு அணையவில்லை.

ஏன் தெரியவில்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நிலநடுக்கம் வந்து சுமார் இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் தற்செயலாக அந்தக் கடலுக்கு மேலே போயிருக்கிறது. அது அளந்தபோது நடுக்கடலில் அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அந்த உயரத்துக்கு ஏறி இறங்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டால் எந்த மாலுமிக்குத் தெரியும்? அன்று ஆழ்கடலில் வலை விட்டிருந்த நம் மீனவர்களும் ஒன்றும் அறியாமல் இருந்துவிட்டு, கரைக்கு வந்து பார்த்தபோதுதான் ஊரே இல்லாமல் நின்றார்கள்.

உப்புக்காற்று | ஞாயிறு, காலை 9:15

ஆமாம் ஐயா. எங்கள் தெருவில் மூன்று பேர் அப்படித் திரும்பினார்கள். மடியில் மீன் இருந்தது, கரையில் வாங்க ஆளில்லை.

60 சென்டிமீட்டர் என்று படித்ததும் எனக்கு ஒரு நிமிடம் மூச்சு நின்றது. முழங்கால் அளவு அலை எப்படி எங்கள் ஊரில் தென்னை மரத்தின் பாதிக்கு வந்தது?

இயற்பியல் தாத்தா | ஞாயிறு, காலை 11:20

கணக்காகவே போட்டுவிடலாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போடக்கூடிய கணக்குதான்.

காற்று கிளப்பும் அலை கடலின் மேல்தோலில் மட்டும் ஓடும். கொஞ்ச ஆழம் போனாலே அதன் அசைவு நின்றுவிடும். சுனாமியில் மேலிருந்து அடிவரை மொத்தத் தண்ணீரும் நகர்கிறது. அதனால் அதன் வேகத்தைக் கடலின் ஆழமே தீர்மானிக்கிறது. ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும்.

3500 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 185 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 666 கி.மீ. பயணிகள் விமானத்தைவிடக் கொஞ்சம் குறைவு. 50 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் மணிக்கு 80. 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36. அதனால்தான் காலை 6:28-க்குப் புறப்பட்டது 9 மணி வாக்கில் சென்னையிலும் நாகையிலும் கரையேறியது.

இப்போது வேகம் குறைவதன் விளைவைப் பாருங்கள். அலையின் முன்பகுதி ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து மெதுவாகிறது. பின்பகுதி இன்னும் ஆழத்தில் வேகமாக வந்துகொண்டிருக்கிறது. தேர் நின்ற தெருவில் பின்னால் வரும் கூட்டம் முன்னால் நிற்பவர்கள் மேல் நெருக்கும் அல்லவா, அதுபோலத்தான். நடுக்கடலில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 300 கி.மீ. இருந்திருந்தால், 10 மீட்டர் ஆழத்தில் அது 15, 20 கி.மீ.க்குள் சுருங்கிவிடும். நீளம் சுருங்கும்போது உயரம் கூடும். கணக்குப்படி 60 சென்டிமீட்டர் இந்தச் சுருக்கத்திலேயே இரண்டரை மீட்டராகிறது. அதற்குப் பிறகு கரையில் முட்டி மேலே ஏறுவது தனி. சரிவு, முகத்துவாரம், வளைகுடாவின் வடிவம் எல்லாம் சேர்ந்து சில இடங்களில் அதை இரட்டிப்பாக்கும்.

உயரத்தைவிட முக்கியமானது நேரம். சாதாரண அலை 8, 10 நொடிக்கு ஒன்று வரும், அடித்துவிட்டு உடனே வழிந்துவிடும். சுனாமியின் ஒரு ஏற்றம் பத்து, பதினைந்து நிமிடம் தொடரும். அதாவது 10 நிமிடத்துக்குக் கடல் உங்கள் தெருவை நோக்கி ஆறாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். படங்களில் காட்டுவது போல் மடங்கி விழும் பெரிய சுவர் எல்லா இடத்திலும் வராது. பல இடங்களில் அது பார்க்கச் சாதாரணமாக, கறுப்பாக, சேறும் படகும் கட்டையும் கலந்து ஏறிக்கொண்டே வந்தது. முழங்கால் அளவு நீர் அந்த வேகத்தில் ஓடினால் திடமான ஆளும் நிற்க முடியாது.

மட்டுநகர் வாவி | ஞாயிறு, மாலை 4:02

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். ஐயா சொன்ன அந்தக் கறுப்புத் தண்ணீரை நான் கண்டனான். எங்கட நாவலடி கடலுக்கும் வாவிக்கும் நடுவில ஒரு ஒடுங்கின மணல்திட்டு. கடல் ஒரு பக்கத்தால் ஏற, வாவி மறுபக்கத்தால் நிரம்ப, ஓடுறதுக்கு இடமே இருக்கவில்லை. அந்த ஒரு ஊரில் கனபேரை இழந்தோம். இலங்கை முழுக்க 35,000-க்கு மேல் என்று கணக்கு, அதில் அம்பாறை மாவட்டம்தான் கூடுதலாக அடிபட்டது.

டீச்சர் கேட்ட இரண்டாவது அலைக்கு எங்கட நாட்டில் ஒரு பெரிய சாட்சி இருக்குது. காலிக்குப் பக்கத்தில் பெரலியவில் முதல் அலையோடு ரயில் நின்றுவிட்டது. ஊர்ச்சனம் ரயில்பெட்டி பாதுகாப்பென்று நினைத்து அதுக்குள் ஏறிச்சு, கூரையிலும் ஏறிச்சு. சில பேர் பின்னால் ஒளிஞ்சு நின்றார்கள். அதுக்குப் பிறகு வந்த பெரிய அலை பெட்டிகளைத் தூக்கி எறிந்தது. 1500-க்கு மேற்பட்ட ஆட்கள். இடையில் நேரம் இருந்தது, கடல் உள்ளே போயிருந்தது. அந்த நேரத்தில் உள்நாட்டுப் பக்கம் நடந்திருந்தால் எத்தனை பேர் இருந்திருப்பினம்.

கல்லூரிப் பறவை | ஞாயிறு, மாலை 5:30

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணா. சுனாமி வருமுன் கடல் உள்வாங்கும், அதைப் பார்த்ததும் ஓடிவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைத்தான் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

உப்புக்காற்று | ஞாயிறு, இரவு 7:44

தம்பி, இதில் எனக்கு உடன்பாடில்லை. அன்று எனக்கு ஒன்பதாம் வகுப்பு, வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் கடல் முதலில் உள்வாங்கவில்லை. முதலில் தண்ணீர்தான் வந்தது, வீட்டுத் திண்ணை வரைக்கும். அது போன பிறகுதான் கடல் வெகுதூரம் பின்வாங்கியது. இதுவரை பார்க்காத தரையெல்லாம் தெரிந்தது. மீன் துள்ளியது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து ஆண்கள் படகையும் வலையையும் பார்க்க இறங்கினார்கள். பெரியப்பாவும் அப்போதுதான் போனார். "உள்வாங்கினால் ஓடு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், முதலிலேயே தண்ணீர் வரும் ஊரில் பிள்ளைகள் எதற்காகக் காத்திருப்பார்கள்?

இயற்பியல் தாத்தா | ஞாயிறு, இரவு 9:10

டீச்சர் சொல்வதுதான் சரி. அவர் கண்ணால் பார்த்ததற்கு நேற்று சொன்ன மேடு-பள்ளமே காரணம்.

மேலெழும்பிய விளிம்பு மேற்குப் பக்கம் இருந்தது, தாழ்ந்த பகுதி கிழக்கே. மேற்கே புறப்பட்ட அலைக்கு மேடு முன்னால், பள்ளம் பின்னால். அது இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தது. கிழக்கே போனதற்குப் பள்ளம் முன்னால். அதனால் தாய்லாந்தின் புக்கெட்டில் கடல் முதலில் உள்வாங்கியது. அங்கே ஒரு கடற்கரையில் விடுமுறைக்கு வந்திருந்த 10 வயது ஆங்கிலேயச் சிறுமி, இரண்டு வாரத்துக்கு முன் பள்ளியில் படித்ததை நினைவில் வைத்துப் பெற்றோரிடம் சொல்ல, கரையே காலியானது. அந்தச் செய்தி உலகம் முழுவதும் பரவியதால் கடல் உள்வாங்குவதுதான் ஒரே அறிகுறி என்ற எண்ணம் நம் ஊரிலும் நின்றுவிட்டது. உள்வாங்கினால் ஓட வேண்டும், அதில் மாற்றமில்லை. உள்வாங்காவிட்டால் ஆபத்தில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, பையனின் கேள்விக்கு வருகிறேன். இரண்டாவது அலை ஏன்?

தூக்கிவிடப்பட்ட நீர் ஒரே தடவையில் சமநிலைக்கு வந்து அடங்காது. கீழே இறங்கி, மட்டத்தைத் தாண்டித் தாழ்ந்து, மறுபடி எழும். ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் ஒரே ஆட்டத்தில் நிற்கிறதா? அதனால் ஒரு வரிசையாகவே அலைகள் புறப்படுகின்றன. அதோடு, 1200 கி.மீ. நீளத்துக்கும் கடலடி ஒரே அளவில் எழும்பவில்லை. சுமத்ரா பக்கம் ஒரு அளவு, நிக்கோபார் பக்கம் இன்னொரு அளவு. ஒவ்வொரு துண்டிலிருந்தும் வரும் அலை நாகைக்கு வந்து சேரும் நேரம் வேறு. அருகில் உள்ள துண்டின் அலை முதலில் வரும், அது பெரிய துண்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்றாவதாக, கரையில் மோதிய நீர் திரும்பும்போது எதிரே வரும் அடுத்த அலையோடு சேர்கிறது. சில அலைகள் கரையை ஒட்டிய ஆழமற்ற திட்டிலேயே மாட்டிக்கொண்டு கரையோரமாக மேலும் கீழும் ஓடுகின்றன. முகத்துவாரமும் துறைமுகமும் தமக்குரிய ஒரு ஆட்டக்காலம் கொண்டவை. அலையின் காலமும் அதுவும் ஒத்துப்போனால் உள்ளே நீர் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஏறும்.

இதெல்லாம் சேர்ந்து இரண்டாவதோ மூன்றாவதோ பெரிதாகலாம். இரண்டுக்கும் இடையே 20 நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். அந்த இடைவெளிதான் மனிதனை ஏமாற்றுகிறது. நம் அனுபவத்தில் எந்த அலையும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. வலையை எடுக்கப் போன தாத்தா கவனக்குறைவாக இருந்தார் என்று பையன் நினைத்துவிடக் கூடாது. அறுபது ஆண்டு கடலைப் பார்த்தவருக்குக் கடல் கற்றுக்கொடுத்த பாடத்தின்படி, அலை வந்து போய்விட்டது. அவர் அறிந்த கடலில் அவர் செய்தது சரி.

உப்புக்காற்று | ஞாயிறு, இரவு 9:52

ஐயா, கடைசி இரண்டு வரியை என் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். இருபது வருடத்துக்கு மேலாக அவர் அண்ணன் மேல் ஒரு கோபம் வைத்திருந்தார், ஏன் திரும்பிப் போனான் என்று. இன்றைக்கு எதுவும் பேசாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

குளச்சல்காரன் | திங்கள், காலை 7:25

டீச்சர், உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் குமரி மாவட்டத்திலும் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு கோபம் இருக்கிறது.

நான் கேட்க வேண்டியது ஒன்று. இலங்கைக்குப் பின்னால் மறைந்திருந்ததால் இராமநாதபுரம், தூத்துக்குடி தப்பியது என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் குளச்சலும் மறைவில்தானே இருக்கிறது? எங்களுக்கு நூற்றுக்கணக்கான சாவு. அதையும் தாண்டி மேற்குக் கரையில் கேரளத்தின் ஆலப்பாட்டில் நூறு பேருக்கு மேல். சுமத்ராவிலிருந்து பார்த்தால் அது நாட்டின் முதுகுப் பக்கம்.

கப்பல்வாசி | திங்கள், காலை 10:40

கடல் அலை டார்ச் விளக்கு வெளிச்சம் போல் நேர்கோட்டில் மட்டும் போகாது அண்ணாச்சி. ஆழமுள்ள பக்கம் வேகமாகவும் ஆழம் குறைந்த பக்கம் மெதுவாகவும் போவதால் அதன் முகம் மெதுவான பக்கமாகத் திரும்பும். இலங்கையின் தென்கரையைத் தொட்டுக்கொண்டு போன அலை அப்படியே வளைந்து குமரி முனைக்கும் கேரளக் கரைக்கும் திரும்பியது. தீவைச் சுற்றி விளிம்பில் பரவி உள்ளே வருவதும் உண்டு. மாலத்தீவுப் பக்கமிருந்து மோதித் திரும்பியதும் கூடச் சேர்ந்தது. கேரளத்தில் உச்சிப்பொழுதுக்குப் பிறகும் அலை வந்துகொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். பாக் நீரிணை கதை வேறு. அதன் வாயில் வடக்கே பார்த்தபடி ஒடுங்கி, உள்ளே அதிக ஆழமில்லாமல் மணல்திட்டும் பாருமாக இருப்பதால் வந்தது அங்கேயே வலுவிழந்தது.

நாகையும் கடலூரும் அதிகம் அடிபட்டதற்குத் திசை ஒரு காரணம். பிளவு வடக்கு-தெற்காக நீண்டதால் அலையின் பலத்தில் பெரும்பங்கு அதற்குக் குறுக்கே, கிழக்கும் மேற்குமாகப் பாய்ந்தது. வடக்கே இருந்த வங்கதேசத்துக்குப் பெரிய சேதமில்லை. மேற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி சோமாலியாவில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். நாகை அந்தப் பாய்ச்சலின் நேர் எதிரே, இலங்கையின் மறைவுக்கு வெளியே இருக்கிறது. தரையோ தாழ்ந்த சமவெளி, வீடுகள் மணலிலேயே. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற ஊர்களில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆறு. போதாதற்குக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணியில் கூட்டம். தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8000 பேரில் 6000-க்கு மேல் அந்த ஒரு மாவட்டம்.

கல்லூரிப் பறவை | திங்கள், மதியம் 1:15

பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின என்று படித்தேன். கரை முழுக்கக் காடு வைத்துவிட்டால் போதாதா?

இயற்பியல் தாத்தா | திங்கள், மாலை 3:50

காடு வளர்ப்பதில் எனக்கும் ஆசைதான், ஆனால் அதன் மேல் முழுப் பாரத்தையும் போட வேண்டாம். கடலூர்ப் பகுதியில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் கொஞ்சம் மேடாகவும் இருந்தன, தப்பியதற்குப் பெரும் காரணம் அதுதான் என்று அதே தரவை வைத்து வேறு சிலர் மறுத்தார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். அடர்ந்த சுரபுன்னை நீரின் வேகத்தைக் குறைக்கும், மிதந்து வரும் படகையும் கட்டையையும் தடுக்கும். மிகப் பெரிய அலையில், சுமத்ராவின் வடகோடியில் உள்ள அச்சேயில் மரங்களே பிடுங்கிக்கொண்டு போயின. மணல்மேட்டைக் கலைக்காமல் விட்டாலே பாதி வேலை முடியும்.

மட்டுநகர் வாவி | திங்கள், இரவு 8:20

மணல்மேடு என்றதும் சொல்ல வேணும். எங்கட தென்கிழக்கில் யால பக்கம், கடல் நல்லாத் தெரியட்டும் என்று மேட்டை வெட்டின இடத்தால்தான் தண்ணி உள்ளே பாய்ந்தது. பக்கத்தில் மேடு அப்படியே இருந்த இடங்கள் தப்பிச்சு.

இன்னுமொன்று. சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமியூலுவே என்று ஒரு தீவு. நிலநடுக்க மையத்துக்கு அவ்வளவு கிட்ட, அலை வர சில நிமிடம்தான். கிட்டத்தட்ட 78,000 பேர் இருந்த தீவில் செத்தது 7 பேர். 1907-ல் அங்கே ஒரு சுனாமி வந்து நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். அந்தச் சனம் அதைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்துக்கொண்டது. "ஸ்மோங்" என்று அவர்கள் சொல்லுவார்கள். நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு, யாரையும் கேட்டு நிற்காதே. ஒரு கருவியும் இல்லாமல் அந்தச் சொல்தான் காப்பாற்றினது. எங்கட கரைக்கு அப்படி ஒரு சொல் இருக்கவில்லை.

குளச்சல்காரன் | திங்கள், இரவு 9:05

நம் பக்கத்திலும் ஒரு ஊர் இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு. அந்த ஊர் ஆள் ஒருவர் சிங்கப்பூரில் இருந்துகொண்டு தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். வானிலையும் மீன் விலையும் சொல்வதற்காக ஊரில் ஒலிபெருக்கி வைத்த அறிவு மையம் ஒன்று இருந்தது. பூட்டியிருந்த அந்தக் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். படகும் வீடும் போயின, ஆனால் ஊரில் ஒருவரும் சாகவில்லை. அன்று காலை சென்னையில் கட்டடம் ஆடியது எத்தனையோ பேருக்குத் தெரியும். இரண்டரை மணி நேரம் கையில் இருந்தது. ஒரு போன் செய்ததைக் கரை முழுக்க யாராலும் செய்ய முடியாமல் போனதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கப்பல்வாசி | செவ்வாய், காலை 6:30

இப்போது ஹைதராபாத்தில் 2007 அக்டோபரிலிருந்து எச்சரிக்கை மையம் இரவு பகலாக வேலை செய்கிறது. கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும் மிதவைகளும் போட்டிருக்கிறார்கள். மேலே ஓடும் அலை சில சென்டிமீட்டர் உயரமானாலும் அடியில் அழுத்தம் மாறும், அது செயற்கைக்கோள் வழியாக வந்துவிடும். சுமத்ராவில் புறப்பட்டால் நமக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். அந்தமானில் உள்ளவர்களுக்கு அவ்வளவு கிடைக்காது. அவர்கள் தரை ஆடுவதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். எரிமலைச் சரிவால் வரும் சுனாமிக்கு நிலநடுக்க எச்சரிக்கையும் உதவாது. 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவின் அனாக் கிரகட்டோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்து 400-க்கு மேற்பட்டவர்கள் இறந்தபோது, கரையில் இருந்தவர்கள் எந்த ஆட்டத்தையும் உணரவில்லை.

டீச்சர், ஹைதராபாத்திலிருந்து உங்கள் ஊர் ஒலிபெருக்கி வரைக்கும் செய்தி வந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு உங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

உப்புக்காற்று | வியாழன், இரவு 8:30

அந்தக் கேள்விக்காகத்தான் இரண்டு நாள் எழுதவில்லை. எங்கள் ஊரில் மலை கிடையாது, மேடு கிடையாது. புயல் பாதுகாப்பு மையத்தின் மாடிதான் உயரமான இடம். மூங்கில் பிளாச்சும் தாம்பாளமும் வைத்துப் பாடம் நடத்தினேன். வேகக் கணக்கைப் பிள்ளைகளே போட்டார்கள். அந்தப் பையனிடம் தாத்தா ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். "அப்ப தாத்தா தப்புப் பண்ணலையா டீச்சர்?" என்றான். இல்லை என்றேன். இன்று சாயங்காலம் எல்லாரும் பள்ளி வாசலிலிருந்து மையத்தின் மொட்டைமாடி வரை நடந்து பார்த்தோம். 11 நிமிடம்.

குளச்சல்காரன் | வியாழன், இரவு 9:02

நல்ல காரியம் டீச்சர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் பள்ளியில் இருக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து, பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை நடந்து பாருங்கள். மாடியில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள், கீழே வலை கிடக்கும், படகு கிடக்கும், இறங்கத்தான் தோன்றும்.

உப்புக்காற்று | ஞாயிறு, காலை 10:48

நடந்தோம் அண்ணாச்சி. அந்தப் பையனின் வீட்டிலிருந்து, அவன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு. 26 நிமிடம். நடுவில் பாட்டி இரண்டு தடவை உட்கார்ந்தார். மாடிக்கு வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கலாமா ஆச்சி என்று கேட்டதற்கு, "இருங்க, இன்னும் நேரம் ஆகட்டும்" என்றார். மதியம் வரைக்கும் அங்கேயேதான் இருக்கப்போகிறோம். யாரோ கீழேயிருந்து இட்லி கொண்டுவந்து கொடுத்தார்கள்.